கிழங்குப் பெட்டி எங்கே இருக்கிறது?

ஸ்காபரோ
நவம்பர் 10

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் சுகம். உன் புது முகவரியைத் தம்பியிடம்தான் வாங்கினேன். கிழங்குப் பெட்டியை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு நீ கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாய். அது பதில் இல்லை, பிள்ளை.

அந்த வீட்டில் கோல்ட் ரூம், குளிரான சாமான் அறை, இருந்தது. மருமகன் அடித்துத் தந்த தட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இப்போது இருப்பது அப்பார்ட்மென்ட் என்று தம்பி சொன்னான். அங்கே எந்த அறையும் 20 பாகைக்குக் குறையாது. டேலியாக் கிழங்குக்கு 4 முதல் 10 பாகை வேண்டும். சூடு கூடினால் வற்றிச் சுருங்கும், இல்லாவிட்டால் தை பிறக்க முதலே முளைவிடும். அதற்காகப் பால்கனியில் வைத்துவிடாதே. உறைந்த கிழங்கு இளகினால் கூழ்தான். கீழே சாமான் வைக்கிற லொக்கர் தந்திருந்தால் அங்கே வை. இல்லையென்றால் வெளிச்சுவர் ஓரமாக, ஹீட்டருக்குத் தூரத்தில், தரையில் வை. மரத்தூளோ, வெர்மிகுலைட் என்கிற பாரமில்லாத தாதுத் துகளோ போட்டு மூடு. மாதம் ஒருக்கால் திறந்து பார். அழுகின இடத்தை வெட்டி எறி, சுருங்கினதுக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளி. கழுத்தோடு சேர்ந்த கிழங்குதான் முளைக்கும், கழுத்து முறிந்ததை வைத்துப் பயனில்லை.

டேலியா போனால் போகட்டும், கடையில் வாங்கலாம். என் யோசனை கார்த்திகைப்பூக் கிழங்கைப் பற்றித்தான். அதுக்கு அவ்வளவு குளிர் ஆகாது, 10 முதல் 15 பாகை போதும், காய்ந்தபடி கிடக்க வேண்டும். கவடு மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும், பார்த்திருப்பாய். நுனியில்தான் முளை. அவசரத்தில் சாமான் கட்டும்போது நுனி முறிந்திருந்தால் அந்தக் கவடு இனி எழும்பாது. முறிந்திருந்தாலும் என்னிடம் சொல்லலாம். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

சின்னவளுக்கு எட்டாத இடத்தில் வை. இது முக்கியம். செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் கூட. ஊரில் வத்தாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று செத்த ஆட்கள் இருக்கிறார்கள். என் கால் வீக்கத்துக்கு டொக்டர் எழுதித் தருகிற கொல்கிசின் குளிசையில் இருப்பதும் அதே நஞ்சுதான், அளவு மட்டும் வேறு. குசினியில் வைக்காதே, பிரிட்ஜில் வைக்கவே வைக்காதே. பெட்டிக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டு. நீ வேலைக்குப் போனால் சின்னவளை யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் அவர்களிடமும் சொல்லி வை.

ஊரில் மழை தொடங்கினால் வேலி முழுக்கப் பூத்துவிடும். இங்கே கார்த்திகை மாதத்தில் அது நித்திரை, ஆடி ஆவணியில்தான் பூ. போன ஆவணியில் உன் வேலியில் பூத்த படத்தைக் கோயிலில் எல்லோருக்கும் காட்டினேன். ஒட்டாவாக் குளிரில் என் மகள் பூக்க வைத்தாள் என்று சொன்னேன். எங்களுக்கு முதலே அங்கே உறைபனி விழும், அதிலும் நீ நேரத்துக்குக் கிண்டி எடுத்தாய். அவ்வளவு கவனமான பிள்ளை, வீடு மாறினதை அப்பாவுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மாமி சொல்லித்தான் அம்மாவுக்கே தெரியும்.

கிழங்கை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் அதுக்காக அங்கே போக வேண்டாம். யாரிடமும் கேட்கவும் வேண்டாம். என்னிடம் போதிய கிழங்கு இருக்கிறது, பங்குனியில் சட்டியில் படுக்க வைத்து முளைவிட்ட பிறகு கொண்டு வந்து தருவேன். பால்கனியில் வெயில் விழுமா என்று மட்டும் சொல்லு.

இங்கே கீழ் அறை காலியாகத்தான் இருக்கிறது. ஹீட்டர் திருத்தியாச்சு, பாத்ரூமுக்குப் புதுக் கதவும் போட்டாச்சு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வருஷ நடுவிலும் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், அம்மா விசாரித்து வைத்திருக்கிறாள். ஆரும் வர வேண்டும் என்று இல்லை. இருக்கிறது என்று சொல்கிறேன்.

சின்னவளுக்கு எட்டாத இடம், மறக்காதே. பதில் எழுத வேண்டாம், போன் எடு. நான் காலமை ஐந்து மணிக்கே எழும்பிவிடுவேன், அம்மா ஆறு மணிக்குத்தான் எழும்புவாள். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் எடுத்தால் நான் மட்டும்தான் கதைப்பேன்.

அன்புடன்,
அப்பா