பேரன் எந்தக் கையால் சிலுவை போடுகிறான்?

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலிக்கு நீ கேட்ட எண்ணெயை மருமகன் கையில் கொடுத்துவிடுகிறேன், அடுத்த வாரம் அங்கே வருகிறான். இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் பால் வெட்டு நின்று கிடக்கிறது, ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திண்ணையில் இருக்கிறோம். கடிதம் எழுத நல்ல நேரம்.

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் பேரன்தான். சாப்பிட உட்கார்ந்ததும் நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் கைவைத்து என்னவோ முணுமுணுக்கிறான், சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் பிடித்த பழக்கம், திருநீறு பூசுகிற வீட்டில் மகளுக்கு அது ஒரு மாதிரி இருக்கிறது, நீ என்ன சொல்லுகே என்று கேட்டிருக்கிறாய். முதலில் ஒன்று கேட்டுச் சொல்லு: எந்தக் கையால் போடுகிறான்? சிலுவை வலது கையால் போடுகிறது. இடது கை என்றால் டீச்சர் வேலைக்குப் புதுசு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணாடி மாதிரி, எதிரே நிற்கிறவர் எந்தப் பக்கத்துக் கையைத் தூக்குகிறாரோ அந்தப் பக்கத்துக் கையைத்தான் தூக்கும். பழகின டீச்சர்மார் பிள்ளைகளைப் பார்த்து நிற்கும்போது வேண்டுமென்றே இடது கையால் போட்டுக் காட்டுவார்கள். இல்லையென்றால் முதுகைக் காட்டி நிற்பார்கள்.

நாம் படித்த ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளிக்கூடத்துக்கு இப்போதும் அவ்வப்போது கதை சொல்லப் போகிறேன். ஓட்டுக்கூரை போய் கான்கிரீட் வந்துவிட்டது, மாதா சிலை வைத்த குகை, அந்தக் கெபி அதே இடத்தில்தான். காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து, செபம், உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு என்று வரிசை போகிறது. நம் காலத்தில் மத்தியானச் சோற்றுக்கு முன்னால்தான் உணவு செபம். இப்போது காலையிலேயே தொடங்கிவிடுகிறது. 2024 ஜூலை 15 முதல் ஊரகத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்துவிட்டதல்லவா, நம்ம ஊரும் ஊராட்சிதானே. ஆவி பறக்கும் உப்புமாத் தட்டின்முன் பிள்ளைகள் கண்ணை மூடி, ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, உணவைத் தந்தவருக்கும் சமைத்தவர்களுக்கும் நன்றி சொல்வதைப் பார்க்க வேண்டும். சமைக்கிற அக்காவுக்கு அதில் ஏகப் பெருமை. அந்த அக்கா குலதெய்வம் சுடலைமாடனைக் கும்பிடுகிறவர்.

உன் மகளுக்குச் சட்டமும் தெரிந்திருக்கட்டும். அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு, மூன்றாவது உட்பிரிவு: அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிலையத்தில் மதப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ வரச்சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது; சிறுவயதுப் பிள்ளை என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். 30-ஆவது பிரிவின்படி சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தலாம். இரண்டையும் சேர்த்து வாசித்தால் என் கட்சி எது என்று உனக்கே தெரிந்துவிடும். பள்ளிக்கூடம் தன் செபத்தை ஒளிக்க வேண்டாம், எந்தப் பிள்ளையின் வாயிலும் அதைத் திணிக்கவும் வேண்டாம். ஊருக்குப் பயந்து சிலுவையைக் கழற்றி வைத்துவிட்டு ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சப்பென்று ஒரு பாட்டுப் பாடுகிற நிர்வாகங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். செபிக்கிறவன் செபிக்கட்டும், பக்கத்தில் இருக்கிறவன் சும்மா நிற்கட்டும். சும்மா நிற்பதும் ஒரு படிப்புதான்.

இங்கே மாதத்தின் முதல் வெள்ளிப் பூசைக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் கத்தோலிக்கப் பிள்ளைகள் வரிசையாகக் கோவிலுக்குப் போவார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு வகுப்பில் கதையோ படம் வரைதலோ நடக்கும். அந்த நேரத்துக்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். பூசைக்குப் போன சில வாலுகளுக்கு அதில் பொறாமை. புதுநன்மைக்கு (முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு) ஆயத்தம், மறைக்கல்வி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோவிலில் நடக்கிறது, பள்ளிக்கூட நேரத்தில் கிடையாது. பங்குச்சாமியார் இதில் கண்டிப்பானவர், எனக்கும் சம்மதம்.

எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. ஒரு பள்ளியில், எது என்று கேட்காதே, வகுப்பில் சத்தம் போட்ட பிள்ளைகளை ‘அருள் நிறைந்த மரியே’ ஐம்பது தடவை எழுதச் சொன்னார்களாம். மாதாவை இம்போசிஷன் ஆக்கினால் அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் செபமாலையைத் தொடுமா? தலைமையாசிரியரைக் கண்டு பேசிவிட்டுத்தான் வந்தேன்.

பிள்ளைகளாகச் சொல்லுகிற மன்றாட்டு வேறு விஷயம். எழுதிக் கொடுக்காமல் விட்டுவிட்டால் என்னவெல்லாம் வரும் தெரியுமா? ‘ஆடு குட்டி போடணும்’, ‘மாமி ஆஸ்பத்திரியிலிருந்து வரணும்’, ‘தம்பி என் ரப்பரைக் கடிக்கக் கூடாது’. எல்லாவற்றுக்கும் ஒரே குரலில், ‘ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்ததே, அப்போது என் தங்கை தூத்தூர் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் இருந்தாள். ஆழ்கடலுக்குப் போன ஆட்களில் யார் வருவார், யார் வரமாட்டார் என்று தெரியாத நாட்கள். ஒரு சின்னப் பெண் எழுந்து, ‘அப்பா வரணும்’ என்றிருக்கிறாள். வகுப்பு பதில் சொல்லிவிட்டது. தங்கைக்கு வாய் எழவில்லை. அந்த அப்பா வரவில்லை. அதற்குப் பிறகும் அந்தப் பெண் மன்றாட்டு நேரத்தில் எழுந்து நின்றாளாம், மற்றவர்களின் அப்பாக்களுக்காக. இதற்கு விளக்கம் சொல்ல எந்தச் சாமியாராலும் ஆகாது. தங்கையும் யாரிடமும் கேட்கவில்லை.

1982 மண்டைக்காடு நமக்கு மறக்குமா? அம்மன் கோவில் மாசிக் கொடையில் தொடங்கிய இந்து கிறிஸ்தவக் கலவரம். உங்கள் வீட்டார் எங்கள் பக்கம் வரவில்லை, நாங்களும் உங்கள் பக்கம் வரவில்லை. குன்றக்குடி அடிகளார் வந்து ஊர் ஊராகப் பேசி ஆற்ற வேண்டியதாயிற்று. நீயும் நானும் மட்டும் பேச்சை விடவில்லை. ஆறு வயதிலிருந்தே நீ என் செபத்தையும் நான் உன் திருநீற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன். ‘அடுத்தவன் சாமி’ என்பதே நமக்கு அதிசயமாகப் படவில்லை. பேரன் விஷயத்தில் நான் பதறாததற்குக் காரணம் இதுதான்.

சிரிப்புக்கு ஒன்று. புனித தேவசகாயம் பிள்ளை திருநாள் ஜனவரி 14, பொங்கல் விடுமுறையில் போய்விடும், அதனால் பள்ளி திறந்த பிறகு நாடகம் போடுவார்கள். நட்டாலத்துக்காரர், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவின் அரண்மனை அதிகாரி, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றார்கள், 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். வசனம் எல்லாம் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அவரை எருமைமேல் பின்புறமாக உட்காரவைத்து ஊர்வலம் விட்டார்கள் அல்லவா, இந்த வருஷம் அடிதடி முழுக்க அந்த எருமை வேஷத்துக்குத்தான். கொம்பு வைத்த தொப்பிக்கு மூன்று பேர் கண்ணீர் விட்டார்கள். புனிதராக நடிக்க ஒருத்தனும் வரவில்லை, கடைசியில் டீச்சர் பிடித்துத் தள்ளினார்.

மகளிடம் சொல்லு: பள்ளிக்குப் போய் நேரே கேட்கட்டும், அவன் செபத்தில் சேராமல் நின்றால் என்ன செய்வீர்கள் என்று. ‘நின்றுகொள்ளட்டும்’ என்று இயல்பாகப் பதில் வந்தால் விட்டுவிடலாம். முகம் சுளித்தால் எழுத்திலேயே சம்மதமில்லை என்று கொடுக்கட்டும். அவனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அவனுக்கு என்ன இஷ்டம் என்று. இதுவரை யாரும் அவனைக் கேட்டதாக உன் கடிதத்தில் இல்லை.

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருநாள், இங்கே உள்ளூர் விடுமுறை. தேருக்கு வருகிறதானால் ரயில் டிக்கெட்டை இப்போதே போடு, பிறகு கிடைக்காது. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. பேரனையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி