செயலாளர் ஆண்டறிக்கை: மார்ச் 2025 – பிப்ரவரி 2026

தலைவர், பொருளாளர், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது; மே மாதம் மட்டும் ஆள் சேரவில்லை. கூடத்துக் கூரையின் ஒழுகலை அடைத்தாயிற்று, அடுத்த பெருமழையில்தான் நிச்சயம் தெரியும். சந்தா பாக்கி யார் யாருக்கு என்று அவரவருக்கே தெரியும். அறிக்கை தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது நம் விதி. வாசித்து முடித்ததும் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் சொல்கிறேன்.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் விழுங்கியது, தென்னாப்பிரிக்க அரசு தொழில் செய்வோருக்குத் தரும் வரிச் சலுகை. சோலார் பலகைக்குச் செலவழித்ததில் 125 விழுக்காட்டை வரிக்குரிய லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற திட்டம் 2025 பிப்ரவரி 28-உடன் முடிந்தது. அதற்குள் மின்சாரம் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். முன்பணம் கட்டிய ரசீது போதாது. டர்பனில் பலகை பொருத்துபவருக்காகக் காத்திருந்து தவறவிட்டவர்கள் 'எல்லாம் போச்சு' என்று வந்தார்கள். போகவில்லை. ஒரு மெகாவாட்டுக்குள் என்றால் முதல் ஆண்டிலேயே 100 விழுக்காடு கழிவு இன்னும் உண்டு. 2 லட்சம் ராண்ட் செலவழித்து 27 விழுக்காடு வரி கட்டும் கம்பெனிக்குப் பழைய திட்டத்தில் 67,500 மிச்சம், இப்போது 54,000. லாபமே இல்லாதவருக்கு இந்த ஆண்டு இரண்டிலும் ஒன்றுமில்லை, அது வேறு கதை.

அப்புறம், 18 முதல் 29 வயதுள்ளவர்களை வேலைக்கு வைப்பதற்கான சலுகை. 2014-இல் வந்தது, 2029 பிப்ரவரி வரை உண்டு. முதல் 12 மாதம் ஆளுக்கு மாதம் 1,500 ராண்ட் வரை, அடுத்த 12 மாதம் அதில் பாதி. நெருங்கிய சொந்தக்காரர்களைக் காட்ட முடியாது. இதைக் கேட்டதும் கூட்டத்தில் பலர் முகம் தொங்கியது. 'பெரியவரை அனுப்பிவிட்டுப் பையனை வைத்தால்?' என்று ஒருவர் கேட்டார். ஆளுக்கு 30,000 அபராதம் என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

டர்பனின் சட்ஸ்வர்த்தில் சமோசா தயாரிக்கும் நம் உறுப்பினர் ஒருவரோடு ஒரு சனிக்கிழமை சம்பளச் சீட்டுகளை மேசையில் பரப்பிக் கணக்குப் போட்டேன். மடிப்பதற்கு மூன்று பெண்கள், மூவரும் புதிதாகச் சேர்ந்தவர்கள். 2025 மார்ச்சில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி அப்போது மணிக்கு 28.79 ராண்ட், மாதம் 195 மணி நேரத்துக்கு 5,614. சலுகை 5,500 வரைதான் முழுதாக. அதற்கு மேல் ஒவ்வொரு 100 ராண்டுக்கும் 75 குறைந்து, 7,500-இல் பூஜ்யம். ஆக இவருக்கு ஆளுக்கு மாதம் கிடைப்பது 1,414. சம்பளத்தை 6,300 ஆக்கினால் சலுகை 900 ஆகிவிடும். கூட்டிக் கொடுப்பது 686, இழக்கும் சலுகை 514, ஆகக் கையை விட்டுப் போவது 1,200!

வேலை கொடு என்று தட்டிக்கொடுக்கும் சட்டம், நல்ல சம்பளம் கொடு என்று சொல்லவில்லை. அவர் கூட்டித்தான் கொடுத்தார். ஏன் என்றேன். 'மடிக்கக் கற்றுக்கொடுக்கவே மூணு மாசம் ஆகுது, கத்துக்கிட்டதும் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போயிடறாங்க' என்றார்.

இன்னொரு சங்கடம்: ஊழியர் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் வருமான வரியில்தான் இந்தச் சலுகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். இந்தச் சம்பளத்துக்கு அந்தப் பிடித்தமே கிடையாது, கழித்துக்கொள்ள வழியில்லை. ஆறு மாதக் கணக்கோடு பணமாகத்தான் திரும்பி வரும். பழைய வரிக் கணக்கு ஒன்றைத் தாக்கல் செய்யாமல் விட்டிருந்தாலும் நின்றுபோகும். எனக்கே நின்றது, சிரிக்க வேண்டாம்.

சலுகை குறையத் தொடங்கும் வரம்பைக் குறைந்தபட்சக் கூலிக்கு நன்றாக மேலே தள்ளும்படி கருவூலத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். பின்வரிசை மேசையில், தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் கடையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

– செயலாளர்