பர்கூர் மலைக் குக்கிராமங்களுக்குப் பாதையும் மேய்ச்சல் உரிமையும் கோரி மாவட்ட ஆட்சியருக்கு மனு

அனுப்புநர்
பர்கூர் மலைக் குக்கிராமப் பொதுமக்கள்
(கையெழுத்தும் கைநாட்டும் இட்டவர்களின் பட்டியல் இணைப்பில்),
அந்தியூர் வட்டம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஈரோடு.

பொருள்: வன உரிமைச் சட்டம், 2006-இன் கீழ் மலைக் குக்கிராமங்களுக்குப் பாதை முதலான வசதிகளும், பட்டி மாடுகளுக்கு மேய்ச்சல் உரிமையும் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் இதுவரை கொடுத்த மனுக்களுக்குப் பதிலே வரவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பதில் வந்திருக்கிறது. பாதை கேட்டாலும், மின்கம்பம் கேட்டாலும், குடிநீர்த் தொட்டி கேட்டாலும் ஒரே பதில்தான்: “மேற்படி இடம் வனப்பகுதியில் அமைந்துள்ளதால் கோரிக்கை ஏற்க இயலாது.” இந்த வரி எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். காட்டுக்குள் இருக்கிறோம் என்பது எங்களுக்கும் தெரியும். காட்டுக்குள் இருப்பவர்களுக்காகவே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. அதை எங்கள் மலையில் நடைமுறைப்படுத்தித் தர வேண்டும் என்பதே இந்த மனுவின் சாரம்.

முதலில் பாதை. அந்தியூரிலிருந்து வரட்டுப்பள்ளம் அணையைக் கடந்து தாமரைக்கரை, பர்கூர் வழியாகக் கர்நாடக எல்லைக்குச் செல்லும் மலைச்சாலை இருக்கிறது. பெருமழையில் செட்டிநொடிப் பக்கம் மண் சரிந்தால், அதை அள்ளும்வரை மலையில் உள்ள எல்லோரும் ஒன்றாகத்தான் காத்திருக்கிறோம். அதில் எங்களுக்குத் தனிக் குறை இல்லை. தார்ச்சாலையை விட்டு உள்ளே இறங்கும் மண் தடங்கள்தான் எங்கள் துன்பம். ஜீப் ஓட்டும் ஆள் துணிந்தால் வண்டி வரும். மழை பெய்தால் அவரும் துணிய மாட்டார்.

இரவில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் நடப்பதைத் தங்களுக்கு விளக்க விரும்புகிறோம். நீளமான மூங்கில் கழி ஒன்றும் கனமான ஜமுக்காளம் ஒன்றும் ஊரில் எப்போதும் தயாராக இருக்கும். ஜமுக்காளத்தின் இரு முனைகளையும் கழியில் முடிந்து, நோயாளியை உள்ளே கிடத்தி, முன்னால் இருவர் பின்னால் இருவர் தோள் கொடுப்பார்கள். தோள் மாற்ற இன்னும் நான்கு பேர் கூடவே நடக்க வேண்டும். ஒருவர் டார்ச்சும் தகர டப்பாவுமாக முன்னே போவார். டப்பாவைத் தட்டிக்கொண்டே போனால்தான் யானை விலகும். பிரசவ வலி எடுத்த பெண் என்றால் கழுத்தையும் இடுப்பையும் தாங்கிப் பிடிக்க அத்தையோ பெரியம்மாவோ பக்கத்திலேயே ஓடி வர வேண்டும். பள்ளம் இறங்கும்போது கழி சாயும், கால் மேலாகத் தலை கீழாகிவிடும். அந்த இடத்தில் ஆளைத் திருப்பிப் படுக்கவைத்து மறுபடியும் தூக்குவார்கள். 108 ஆம்புலன்ஸ் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அழைத்தால் வருகிறது, தார் முடியும் இடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்கு அப்பால் அது வர வழி இல்லை. அழைப்பதற்கும் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு யாராவது ஓட வேண்டும் என்பது வேறு கதை.

இந்தப் பாதைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2), வனப் பாதுகாப்புச் சட்டம், 1980-இல் எது சொல்லப்பட்டிருந்தாலும், பதின்மூன்று வகையான பொது வசதிகளுக்கு வனநிலத்தை ஒதுக்கலாம் என்கிறது. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்சார மற்றும் தொலைத்தொடர்புக் கம்பிகள், குடிநீர்க் குழாய், சாலை எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளன. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராமசபை பரிந்துரைக்க வேண்டும் என்பவையே நிபந்தனைகள். மூன்று மீட்டர் அகலத்தில் பாதை போட்டால் ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ 3.3 கிலோமீட்டர் போகலாம். எங்கள் ஊர்கள் பலவற்றுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. தடம் ஏற்கெனவே இருப்பதால் வெட்டுவதற்கு மரமும் அதிகம் இல்லை. கல்லைப் பதித்துப் பள்ளங்களில் சிறு பாலம் கட்டினால் போதும். நான்கு வழிச் சாலை எதையும் நாங்கள் கேட்கவில்லை. அகலமான சாலை வந்தால் அடுத்த ஆண்டே சொகுசு விடுதிக்காரர்கள் வருவார்கள் என்ற அச்சம் எங்கள் பெரியவர்களுக்கு உண்டு.

அடுத்தது மாடு. பர்கூர் மாடு என்றால் செம்மை உடலில் வெள்ளைத் திட்டுகள் சிதறிய, மேடு ஏறச் சளைக்காத மாடு. நாடறிந்த இனம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு வருபவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. இந்த இனத்தைக் காப்பதற்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் எங்கள் மலையிலேயே நடக்கிறது. அரசின் ஒரு கை மாட்டைத் தடவிக் கொடுக்கிறது. இன்னொரு கை அது மேயும் காட்டை மூடுகிறது. இரண்டு கைகளும் ஒரே உடலுக்கு உரியவைதானா என்று எங்கள் பட்டிக்காரர்கள் கேட்கும்போது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த மாட்டைக் கொட்டகையில் கட்டித் தீனி போட்டு வளர்க்க முடியாது. காட்டில் முள் வளைத்துப் பட்டி போட்டு, பல வீட்டு மாடுகளையும் ஒன்றாக அடைப்பார்கள். கன்றுகளுக்குத் தனி அடைப்பு. பட்டியில் தங்குபவர் ராகி மாவும் உப்பும் கொண்டுபோய் அங்கேயே களி கிண்டிக்கொள்வார். விடிந்ததும் கதவாக வைத்த முள்ளை இழுத்து விலக்கினால், முதல் மாடு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அன்றைய மேய்ச்சல் அந்தப் பக்கம். பால் குறைவாகத்தான் கறக்கும். வருமானம் சாணத்தில் இருக்கிறது. பட்டியில் மாதக்கணக்கில் மிதிபட்டுப் பொடிந்த எருவை அள்ளிப் போகக் கீழ்நாட்டிலிருந்து லாரி வருகிறது. ஈரோட்டுச் சந்தைக்கு வரும் மஞ்சளில் கொஞ்சம் எங்கள் மாடு போட்ட எருவில் விளைந்தது என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு உரிமை உண்டு.

2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. சில நாட்களிலேயே அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. அப்போது எங்கள் காடு சரணாலயம் அல்ல. தப்பித்தோம் என்று நினைத்தோம். 2024 ஜனவரியில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் 80,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஒரு அறிவிப்பால் பழைய தீர்ப்பு எங்கள் பட்டிகள் மீதும் வந்து உட்கார்ந்துவிட்டது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தையும் கர்நாடகத்தின் மலை மாதேஸ்வரா, காவிரி சரணாலயங்களையும் இணைக்கும் வழி இது, யானைக்கும் புலிக்கும் இது தேவை என்கிறார்கள். மறுக்கவில்லை. அந்த யானையோடும் புலியோடும் இத்தனை தலைமுறை இருந்தவர்கள் நாங்கள்தான். சிறுத்தை கன்றை அடித்தாலும் காட்டின் பங்கு என்று விட்டுவிடும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோடையில் தீ பிடித்தால் முதலில் பார்ப்பவரும் பட்டிக்காரர்தான்.

இங்கும் சட்டம் தெளிவாக இருக்கிறது. பிரிவு 3(1)(டி) மேய்ச்சலைச் சமூக உரிமையாகப் பெயர் சொல்லியே ஏற்கிறது. தங்கி மேய்ப்பதும் பருவத்துக்கேற்ப இடம் மாறி மேய்ப்பதும் இரண்டும் அதில் அடங்கும். சரணாலயங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். உரிமையைச் சரிபார்க்கும் பணி முடியும்வரை யாரையும் அவர் பயன்பாட்டில் உள்ள வனநிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று பிரிவு 4(5) சொல்கிறது. மலையில் சோளகர் பழங்குடியினர். லிங்காயத்து மக்களும் மற்றவர்களும் ‘இதர பாரம்பரிய வனவாசிகள்’ என்ற வகையில் 13.12.2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், இங்கு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். காட்டத் தயாராக இருக்கிறோம். கேட்கும் இடத்தில்தான் சிக்கல். அரசு ஆவணம் இல்லாவிட்டால் மனுவை வாங்கவே மறுக்கிறார்கள். முதியோரின் வாக்குமூலம், பழைய கிணறு, இடுகாடு, கோயில் இவையும் சான்றுதான் என்று வன உரிமைச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட விதிகளில் விதி 13 சொல்கிறது. எங்கள் முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த அவசரம்.

மூன்றாவதாக ஒன்று. அது தங்கள் கையில் முழுவதும் இல்லை என்று தெரிந்தும் எழுதுகிறோம். எங்களில் மலையாளி இனத்தவருக்கு ஈரோடு மாவட்டத்தில் பழங்குடிச் சான்றிதழ் கிடையாது. பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களின் பெயர்கள் சேர்க்கப்பட்டன. அன்றைய கோயம்புத்தூர் விடுபட்டது. 1979-இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த எங்கள் மாவட்டத்துக்கு அந்த விடுபடலும் சீதனமாக வந்தது. விளைவைக் குடும்பத்துக்குள் பார்க்கலாம். சேலம் மாவட்டத்து மலையில் பிறந்த பெண் பழங்குடிச் சான்றிதழோடு இங்கே மருமகளாக வருகிறாள். அவள் அண்ணன் பிள்ளைகள் கல்வி உதவித்தொகையில் கல்லூரிக்குப் போகிறார்கள். அவள் பெற்ற பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்று கரும்பு வெட்டவோ நூற்பாலைக்கோ போகிறார்கள். மாமன் மகனும் அத்தை மகனும் வெவ்வேறு இனம் ஆவது மாவட்ட எல்லையில் மட்டும்தான் நடக்கும். பட்டியலைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால் மாவட்டத்திலிருந்து கள ஆய்வோடு கூடிய பரிந்துரை போகாமல் எதுவும் நகராது.

மற்றவை சிறியவை; இருந்தாலும் அன்றாடம் குத்துபவை. ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்க இயந்திரத்துக்குச் சிக்னல் வேண்டும். அது வரும்வரை மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள். சிக்னல் வந்த பிறகும், காலமெல்லாம் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த பாட்டியின் விரலை இயந்திரம் ஏற்பதில்லை. எலுமிச்சைச் சாறு தேய்த்துப் பார், துணியில் துடைத்துப் பார் என்று வரிசையே யோசனை சொல்லும். ராகி கதிர் பிடிக்கும் நேரத்தில் பரண் மேல் இரவெல்லாம் கண்விழித்தும் காட்டுப்பன்றி தின்றதுபோக மிச்சம்தான் வீட்டுக்கு வருகிறது. இழப்பீடு கேட்டால் பட்டா கேட்கிறார்கள். பட்டா கேட்டால், இந்த மனுவின் முதல் பத்தியில் உள்ள அதே வரி.

எனவே தங்களிடம் நாங்கள் வேண்டுவது: மாவட்ட அளவிலான வன உரிமைக் குழுவின் தலைவர் என்ற முறையில், பர்கூர் மலையில் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் தனித்தனியாக வன உரிமைக் கிராமசபையைக் கூட்ட உத்தரவிட வேண்டும். ஊராட்சி முழுவதற்கும் ஒரே இடத்தில் கூட்டி, வர முடியாதவர்களின் பெயரில் தீர்மானம் எழுதும் வழக்கம் வேண்டாம். அந்தக் கூட்டத்திலேயே பாதைக்கான பிரிவு 3(2) பரிந்துரையும் மேய்ச்சலுக்கான சமூக உரிமைக் கோரிக்கையும் பெறப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு தரப்பட வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீடு செய்ய எங்களுக்கு அது தேவை. உரிமைகள் முடிவாகும்வரை பட்டிகளைக் காலி செய்யச் சொல்லி வாய்மொழி உத்தரவு எதுவும் இடக் கூடாது என்று உரியவர்களுக்கு அறிவுறுத்த வேண்டும். மலையாளி மக்களின் சான்றிதழ் குறித்த பரிந்துரையைத் தங்கள் குறிப்போடு அரசுக்கு அனுப்ப வேண்டும்.

இன்னும் ஒன்று. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளுக்கு ஈரோடு வர வேண்டுமானால் உள்மலைக்காரர் ஞாயிறு காலையே கிளம்பி, அந்தியூரில் யார் வீட்டிலாவது படுத்து எழ வேண்டியிருக்கிறது. மாதம் ஒரு நாள் தாமரைக்கரையிலோ பர்கூரிலோ, வருவாய், வனம், மின்சாரம், பழங்குடியினர் நலம் ஆகிய துறைகள் ஒரே மேசையில் அமரும் முகாம் நடத்தித் தர வேண்டுகிறோம். ஒரே மேசையில் அமர்ந்தால், கோப்பை அடுத்த அலுவலகத்துக்குத் தள்ள இடம் இருக்காது.

முதல் முகாமுக்குத் தாங்களே வருவதானால், தார் முடியும் இடத்தில் எங்கள் ஆட்கள் காத்திருப்பார்கள். அங்கிருந்து நடைதான், சேற்றுக்கு ஏற்ற செருப்பு அணிந்து வருவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பர்கூர் மலைக் குக்கிராமப் பொதுமக்கள்.

இடம்: பர்கூர் மலை

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், முந்தைய மனுக்களுக்கு வந்த பதில்களின் நகல்கள், பாதை தேவைப்படும் தடங்களின் கைவரைபடம்.