பட்டா சுவாமியின் பெயரில் இருக்கிறது: தன்னார்வலர் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். ஜெர்மனியில் ஓராண்டுத் தன்னார்வப் பணிக்காகத் தாங்கள் நேர்காணல் செய்து தேர்ந்தெடுத்து, பிறகு கார்த்திகைக் கடைசியில் ‘ஆவணங்கள் போதுமானவையாக இல்லை’ என்ற இரண்டு வரி மின்னஞ்சலால் விலக்கிய விண்ணப்பதாரர்களில் நானும் ஒருத்தி. நேர்காணலில் நான் சொன்னவையும் அதற்குத் தாங்கள் இட்ட மதிப்பெண்ணும் தங்கள் கோப்பிலேயே இருக்கும் என்பதால் அவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். பெற்றோர் பெயரில் சொத்துப் பத்திரமும், ஆறு மாதமாக மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத வங்கி இருப்பும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அருள்கூர்ந்து நீக்குங்கள்.

இத்திட்டத்துக்குப் பணம் தருபவர்கள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. இத்தகைய திட்டங்களில் பெயர்பெற்ற ‘வெல்ட்வெர்ட்ஸ்’ 2008-இல் ஜெர்மன் அரசின் வளர்ச்சி அமைச்சகத்தால் தொடங்கப்பட்டபோது, அங்குள்ள இளைஞர்கள் நம்மைப் போன்ற நாடுகளுக்கு வந்து பணியாற்றினார்கள். நம் பக்கத்திலிருந்து அங்கே போவதற்கான வழி 2013-இல்தான் திறந்தது. அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும், கட்டாயப் படைச்சேவை நிறுத்திவைக்கப்பட்ட 2011-இல் அந்த நாடு தொடங்கிய கூட்டாட்சித் தன்னார்வச் சேவையின் கீழ், முதியோர் இல்லங்களிலும் மழலையர் பள்ளிகளிலும் அமர்த்தப்படுகிறார்கள். தங்குமிடம், உணவு, காப்பீடு, கைச்செலவு ஆகியவற்றைத் திட்டமே பார்த்துக்கொள்கிறது. எங்களைப் போன்றவர்கள் விண்ணப்பிக்கத் துணிவதே அதனால்தான். இந்த நிபந்தனை உள்ள, தங்கள் படிவத்தின் ஏழாம் பக்கத்தை மட்டும் தங்கள் அமைப்பு தானாகச் சேர்த்துக்கொண்டது என்று தங்கள் அலுவலகத்திலேயே தொலைபேசியில் சொன்னார்கள். என் மடல் அந்த ஒரு பக்கத்தைப் பற்றியது.

எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், சாகுபடி செய்கிறார். அது கோயில் நிலம். தாத்தா காலத்திலிருந்து குத்தகை. காவிரிப் படுகையில் இப்படிக் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழுகிற குடும்பங்கள் எத்தனை என்பது இந்தப் பகுதியில் ஒருமுறை பேருந்தில் போய் வந்தவருக்கும் தெரியும். தங்கள் மின்னஞ்சல் வந்த மறுநாள் அப்பா பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கி, ஒரு மஞ்சள் பையில் கட்டி வைத்திருந்த குத்தகை ரசீதுகளை எடுத்து ஆண்டுவாரியாக அடுக்கினார். தாத்தா பெயரில் இருந்த பழைய ரசீதுகளில் மை மங்கிப்போயிருந்தது. இரண்டைக் கரையான் அரித்திருந்தது. எதையும் விட்டுவிடக் கூடாது என்று அரித்ததையும் சேர்த்து நகலெடுக்கச் சொன்னார். அதன் பிறகு மழையில் இரண்டு நாள் அலைந்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடியாளர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும் அடங்கலையும், அதாவது கிராமச் சாகுபடிக் கணக்கின் நகலையும், வாங்கினோம். ‘பட்டா வேண்டும் என்றால் நான் என்னம்மா செய்வது, பட்டா சுவாமி பேரில் அல்லவா இருக்கிறது’ என்றார் அவர். உண்மைதான். நிலத்துக்கு உடையவர் கருவறையில் இருக்கிறார். எனக்காக அவர் ஜாமீன் கையெழுத்துப் போட வரமாட்டார்.

அடங்கலையும் ரசீதுகளையும் அனுப்பினேன். ‘இவை சொத்து ஆவணங்கள் அல்ல’ என்று பதில் வந்தது. அல்லதான், அவை சொத்து ஆவணங்கள் என்று நாங்கள் சொல்லவில்லையே. ஒரு குடும்பம் ஓரிடத்தில் மூன்று தலைமுறையாக வேர்விட்டிருக்கிறது என்பதற்கு அவை சான்று. குத்தகைதாரர்களின் உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-இலேயே சட்டம் வந்துவிட்டது. தங்கள் படிவத்தில் மட்டும் இன்னும் அவர்களுக்கு ஒரு கட்டம் கிடையாது. அப்பா அந்த மின்னஞ்சலை என்னிடம் இரண்டு முறை படித்துக்காட்டச் சொன்னார். பிறகு ரசீதுகளைப் பழையபடி கட்டிப் பரணில் வைத்துவிட்டு வயலுக்குப் போனார். அன்று முழுவதும் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வங்கி இருப்புக்கு வருகிறேன். தாங்கள் கேட்ட ஆறு மாதம் ஆனியிலிருந்து கார்த்திகை வரை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி விதைக்கும் உழவுக்கும் பணம் வெளியே போகத் தொடங்கினால், நடவு, களை, உரம் என்று போய்க்கொண்டேதான் இருக்கும். அது சம்பா நெல்லாகி, கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு, கணக்கில் திரும்பி வர மாசியும் ஆகலாம், பங்குனியும் ஆகலாம். கார்த்திகையில் ஒரு டெல்டா விவசாயியின் வங்கிக் கணக்கைப் பார்ப்பது, ஆடிக்கு முன் ஆற்றைப் பார்த்துவிட்டுக் காவிரி வறண்ட ஆறு என்று எழுதிவைப்பதற்கு ஒப்பாகும். அன்று எங்கள் கணக்கில் இருந்தது 2,140 ரூபாய்.

இதற்கும் ஒரு வழி இருக்கிறது என்று நகரத்தில் ஒருவர் சொன்னார். கணக்கில் காட்டுவதற்காகவே வட்டிக்குப் பணம் தருகிறவர்கள் இருக்கிறார்களாம். காலம் முடிந்ததும் எடுத்துக்கொள்வார்களாம். அப்பா ஒரு கணம் யோசித்தார், நான்தான் வேண்டாம் என்றேன். தங்கள் ஏழாம் பக்கம் உண்மையில் எதைச் சோதிக்கிறது என்பதைத் தாங்கள் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். வசதி உள்ளவர் அதை எளிதாகக் கடப்பார். வசதி இல்லாதவரில் பொய்க் கணக்குக் காட்டத் துணிந்தவரும் கடப்பார். உள்ளதை உள்ளபடி எழுதியவர் மட்டும் தங்கிவிடுவார். முதியவர்களைக் குளிப்பாட்டவும் அவர்களுக்குச் சோறூட்டவும் அனுப்பப்போகிற ஆளைத் தேர்ந்தெடுக்க இதைவிடச் சிறந்த சல்லடை கிடைப்பது அரிதுதான்.

‘திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன உறுதி’ என்று தொலைபேசியில் கேட்டார்கள். விசா அலுவலகமும் அதைக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். கேட்பது தவறென்றும் சொல்லவில்லை. சொத்து ஒன்றுதான் மனிதரை ஊருக்கு இழுத்துவரும் என்ற எண்ணம்தான் எனக்கு விளங்கவில்லை. சொத்து வைத்திருந்தும் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டவர்களின் பூட்டிய வீடுகள் எங்கள் பக்கத்து அக்ரகாரத்தில் வரிசையாக நிற்கின்றன, வந்து பார்க்கலாம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்கு எத்தனையோ நாடுகளிலிருந்து இளைஞர்கள் உதவிக்கு வந்தார்கள். உங்கள் அப்பாவின் வீட்டுப் பத்திரம் எங்கே என்று எங்கள் மீனவர்கள் யாரும் அவர்களைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு திசையில் போவதற்கு மனம் இருந்தால் போதும், மறு திசையில் போவதற்குப் பத்திரமும் வேண்டும் போலிருக்கிறது.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததிலிருந்து சற்று விலகிவிட்டேன். தங்கள் குழுவில் உள்ளவர்கள் ஊதியம் பெறாமல் மாலை நேரங்களில் அமர்ந்து எங்கள் விண்ணப்பங்களைப் படிக்கிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் இதைப் புகாராக எங்கும் அனுப்பாமல் தங்களுக்கே எழுதுகிறேன்.

ஏழாம் பக்கத்தை நீக்குங்கள் என்று மீண்டும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முழுவதும் நீக்க இயலாதென்றால், அடங்கலையும் குத்தகை ரசீதையும், அவை இல்லாத கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊராட்சித் தலைவரோ பள்ளித் தலைமையாசிரியரோ தரும் சான்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தக் காரணத்துக்காக விலக்கப்பட்டவர்களின் விண்ணப்பங்களைப் புதிய கட்டணம் கேட்காமல் அடுத்த அணிக்கு மறுபடியும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது 24 வயது. திட்டத்தின் வயது வரம்பு 28. இன்னும் சில சம்பா அறுவடை வரைக்கும் என்னால் காத்திருக்க முடியும். ரசீதுகளின் நகல்களை இம்மடலுடன் மறுபடியும் இணைத்திருக்கிறேன், கரையான் அரித்த இரண்டையும் சேர்த்து.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர் ஒருத்தி,
திருவாரூர் மாவட்டம்