அந்த அட்டை மீனம்பாக்கத்தில் செல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மருத்துவக் கஞ்சாவுக்கு அட்டை வாங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தகவல்கள் சரிதான், ஆனால் சென்னையில் உட்கார்ந்து அதைப் படிக்கிறவர்களுக்கு எது தெரிய வேண்டுமோ அது அதில் இல்லை. நான் மேற்கு மாம்பலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கட்டுரை வந்த மறுநாளே ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா கடைக்கு வந்து, "தம்பி, அடுத்த மாசம் பொண்ணு வீட்டுக்கு நியூஜெர்சி போறேன், அங்க அந்தக் கார்டு போட்டுட்டா முட்டி வலிக்கு மிட்டாய் மாதிரி ஒண்ணு தராங்களாமே, இங்க கொண்டு வந்து வச்சுக்கலாமா?" என்று கேட்டார். வம்பு தும்புக்குப் போகாத மனுஷி. அவரை மாதிரி ஆட்கள் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு முழிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த அட்டை என்பது மாநில அரசு கொடுக்கிற ஒரு பதிவுச் சான்று, அவ்வளவுதான். 1996-ல் கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப்போட்டு ஆரம்பித்து வைத்தது, பிறகு ஒவ்வொரு மாநிலமாகச் சேர்ந்துகொண்டது. எந்தெந்த நோய்க்குக் கொடுக்கலாம் என்று மாநிலமே ஒரு பட்டியல் வைத்திருக்கும். புற்றுநோய், வலிப்பு, சில நரம்பு நோய்கள், சில இடங்களில் நாள்பட்ட வலி. அதற்கென்று பதிவு செய்த டாக்டர் உங்களைப் பார்த்து, இவருக்கு இந்த நோய் இருக்கிறது, இது உதவலாம் என்று சான்று தருவார். அதை வைத்து விண்ணப்பம் போட்டு, அந்த மாநிலத்தில் குடியிருக்கிற ஆதாரத்தைக் காட்டி, கட்டணம் கட்டினால் அட்டை வரும். ஃபுளோரிடாவில் அரசுக்கு மட்டும் 75 டாலர், டாக்டர் ஃபீஸ் தனி, பெரும்பாலும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். டெக்சாஸில் அட்டையே கிடையாது, டாக்டர் மாநிலப் பதிவேட்டில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார், கடையில் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு மருந்தாளுநராக எனக்கு உறுத்துகிற விஷயம் என்னவென்றால், அங்கே டாக்டர் கொடுப்பது மருந்துச் சீட்டே இல்லை. அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் கஞ்சா தடை செய்யப்பட்ட பொருள், அதனால் டாக்டர் அதை எழுதித் தர முடியாது, பரிந்துரை மட்டும்தான் செய்யலாம். எத்தனை மில்லிகிராம், காலையா ராத்திரியா, ஏற்கெனவே சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்பதையெல்லாம் பல சமயம் கவுண்டரில் நிற்கிற பையன்தான் சொல்கிறான். இன்ஷூரன்ஸும் பணம் தராது. நம்ம ஊரில் ஒரு பாராசிட்டமாலைக் கேட்டாலே எத்தனை நாளாகக் காய்ச்சல், சர்க்கரை இருக்கா என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நான் கொடுப்பேன்.

சரி, டீச்சரம்மா மாதிரி ஆறு மாதம் பிள்ளை வீட்டில் தங்கப் போகிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். பார்வையாளர் விசாவில் போகிறவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அட்டையே கிடைக்காது, ஏனென்றால் அங்கே குடியிருப்பவர் என்று காட்ட முடியாது. உடனே பிள்ளைகள், "அதனால என்னம்மா, இங்க 21 வயசுக்கு மேல யார் வேணா கடையில போய் வாங்கலாம்" என்பார்கள். நியூஜெர்சியில் 2022-லிருந்து அப்படித்தான் விற்கிறார்கள். மாநிலச் சட்டப்படி அது சரி. ஆனால் விசா, கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாம் மத்திய அரசின் கையில் இருக்கிறது, அந்தச் சட்டத்துக்கு நியூஜெர்சி என்ன சொன்னது, கலிஃபோர்னியா என்ன சொன்னது என்பதெல்லாம் கணக்கே இல்லை. அந்நாட்டுக் குடிமகனாக இல்லாத ஒருவர், விமான நிலையத்தில் அதிகாரி கேட்கும்போது "ஆமாம், வலிக்காகச் சாப்பிட்டேன்" என்று வெள்ளந்தியாக ஒப்புக்கொண்டாலே உள்ளே விட மறுக்க அது போதும். வழக்கு, தண்டனை எதுவும் தேவையில்லை. கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையிலும் போதைப்பொருள் பழக்கம் பற்றிக் கேட்பார்கள். மாநிலத்தில் அனுமதி இருந்தாலும், கஞ்சா சம்பந்தப்பட்ட நடவடிக்கை குடியுரிமை கேட்பவரின் நன்னடத்தைக்கு எதிராகப் போகலாம் என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை 2019-ல் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது.

ஆகவே எச்-1பி என்கிற வேலை விசாவில் இருக்கிற பிள்ளைகளும் தூக்கம் வரவில்லை, முதுகு வலி என்று அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன்னால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பேசிவிடுவது நல்லது. அட்டை போட்டுத் தருகிற கிளினிக்கில் இதைப் பற்றி யாரும் மூச்சு விட மாட்டார்கள், அவர்களுக்கு ஃபீஸ் வந்தால் சரி.

இன்னொன்று, சுற்றுலா. அப்பா அம்மா வந்தால் யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், நயாகரா என்று கூட்டிக்கொண்டு போவது நம்மவர்கள் வழக்கம். தேசியப் பூங்காக்கள் மத்திய அரசின் நிலம், மாநில அட்டை அங்கே எடுபடாது. நயாகராவில் அந்தப் பக்கம் கனடாவில் 2018-லிருந்து கஞ்சா சட்டப்படி விற்கிறது, இந்தப் பக்கம் நியூயார்க்கிலும் 2021-ல் அனுமதித்துவிட்டார்கள். ஆனாலும் கைப்பையில் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினால் குற்றம்!

இப்போது மீனம்பாக்கம். இங்கே 1985-ம் வருடத்து போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான். வெளிநாட்டு அட்டை, வெளிநாட்டு டாக்டர் சான்று எதற்கும் அதில் இடமில்லை. ஒரு கிலோவுக்குள் கஞ்சா என்றால் "சிறிய அளவு" என்கிறார்களே, விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம், அதற்கே ஒரு வருடம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேனா மாதிரி உறிஞ்சுகிறார்களே, அதில் இருக்கிற எண்ணெய் கஞ்சா கணக்கில்கூட வராது, சட்டத்தில் அந்த ஹஷீஷ் எண்ணெய், கஞ்சாச் செடியின் பிசினான சரஸ் வகையில் சேரும், அங்கே சிறிய அளவு என்பதே 100 கிராம்தான். மிட்டாயில் மருந்து ஒரு துளிதானே, மீதி சர்க்கரைதானே என்று வாதாடவும் முடியாது. கலப்படப் பொருளின் எடையையும் சேர்த்துத்தான் அளவு பார்க்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. பாங்காக்கிலிருந்து வருகிறவர்களிடம் ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் வளர்த்த) கஞ்சா பிடித்த செய்தியை நீங்களே அடிக்கடி போடுகிறீர்கள், அதனால் நம்ம சுங்க அதிகாரிகள் பெட்டியை எவ்வளவு நோண்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

சட்டத்தை விடுங்கள், உடம்புக்கு என்ன செய்யும்? எதற்குமே உதவாது என்று நான் சொல்லவில்லை. கீமோதெரபி வாந்திக்கு, கஞ்சாவில் உள்ள வேதிப்பொருளைச் செயற்கையாகச் செய்த மாத்திரையை அமெரிக்காவில் 1985-லேயே அனுமதித்தார்கள். குழந்தைகளுக்கு வருகிற சில கடுமையான வலிப்பு வகைகளுக்கு, கஞ்சாச் செடியிலிருந்து பிரித்துச் சுத்திகரித்த சிபிடி என்ற மருந்தை 2018-ல் அனுமதித்தார்கள், அதில் போதை கிடையாது. இவையெல்லாம் அளவு தெரிந்த, சோதித்த மருந்துகள். முட்டித் தேய்மானத்துக்கு அந்த அளவு உறுதியான சான்று கிடையாது. வயதானவர்களுக்கு, கஞ்சாவில் போதை தருகிற டிஎச்சி உள்ளே போனால் தலை சுற்றும், இதயம் படபடக்கும், பாத்ரூமில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் முட்டி வலியே தேவலை என்று ஆகிவிடும். மிட்டாய் வேறு சாப்பிட்டு அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வேலை செய்யும், ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்றைப் போட்டுக்கொள்கிறவர்கள்தான் ராத்திரியில் எமர்ஜென்சிக்கு ஓடுகிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் சிபிடி பக்கம் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது, வார்ஃபரினின் வேகம் கூடி ரத்தக் கசிவு வரலாம்.

கஞ்சா எண்ணெய் புற்றுநோயையே கரைத்துவிடும் என்று சுற்றுகிற வாட்ஸ்அப் செய்தியைப் பற்றி ஒரே வார்த்தை, நம்பாதீர்கள். அதை நம்பி கீமோவைப் பாதியில் நிறுத்துவது பெரிய ஆபத்து.

நம்ம ஊர்ச் சட்டம் முழுக்கக் கதவை அடைத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. மருத்துவம், ஆராய்ச்சி இரண்டுக்கும் விலக்கு உண்டு. பூ சேராமல் தனியாக இருக்கிற இலையையும் விதையையும் கஞ்சா என்ற வரையறையிலேயே சேர்க்கவில்லை. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் அது காலங்காலமாக இருக்கிறது, மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் கொடுக்க வேண்டிய நச்சுப் பொருள்களின் பட்டியலில் அரசே அதை வைத்திருக்கிறது. "விஜயா" என்ற பெயரில் இப்போது இணையத்தில் விற்பவையும் இந்த வழியில் வந்தவைதான். வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் குறைந்தபட்சம் புட்டியில் ஆயுஷ் உரிம எண் இருக்கிறதா, வீடியோ அழைப்பில் ஆலோசனை சொல்கிறவர் பதிவு பெற்ற வைத்தியர்தானா என்று பார்க்கவும். தெருமுனைப் பொட்டலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதைக் கையில் வைத்திருந்தால் "வலிக்காக" என்று போலீஸிடம் சொல்லித் தப்பிக்க முடியாது.

உண்மையில் என் ஆதங்கம் வேறு. தாங்க முடியாத வலிக்கு, குறிப்பாகப் புற்றுநோய் முற்றியவர்களின் வலிக்கு, நல்ல மருந்து இந்த நாட்டிலேயே சட்டப்படி இருக்கிறது. அபினிலிருந்து எடுக்கிற மார்ஃபின். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் கொடுத்து அபின் பயிரிடச் செய்கிறது, நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகளே இருக்கின்றன. முன்பெல்லாம் ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வைத்துக்கொள்ள நாலைந்து உரிமங்களுக்கு வெவ்வேறு அலுவலகங்களில் நிற்க வேண்டும், அதில் ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். அதற்காகத்தான் 2014-ல் அதே போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, பிறகு மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகளை அத்தியாவசிய மருந்து என்று அறிவித்தார்கள். மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்று இருந்தால் போதும். கேரளாவில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது நமக்குத் தெரிந்த கதைதான்.

ஆனால் இங்கே நான் பார்ப்பது என்ன? மார்ஃபின் என்ற பேரைக் கேட்டாலே வீட்டுக்காரர்கள் "ஐயோ, அடிமையாயிடுவாரே" என்று பயப்படுகிறார்கள். சில டாக்டர்கள் ரெஜிஸ்டர் எழுதுகிற தொல்லைக்குப் பயந்து வேறு மாத்திரையை எழுதிவிடுகிறார்கள். என் கடைக்கு வருகிற ஒருவர், வாய்ப் புற்றுநோயில் படுத்திருந்த அண்ணனுக்காக, நகரின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் கேட்டபோது "அதெல்லாம் நாங்க ஸ்டாக் வைக்கறதில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கே கிடைக்கும் என்றுகூட யாரும் சொல்லவில்லை. என்னைப் போன்ற சாதாரணக் கடைகளில் பெரும்பாலும் அது இருக்காது, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகளில்தான் கேட்க வேண்டும். வலிக்கு அளவு பார்த்து டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கும்போது அடிமையாவது அபூர்வம், நிஜமான தொல்லை மலச்சிக்கல்தான், அதற்குக் கூடவே ஒரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்தே வீட்டுக்கு வந்து வலி தணிப்புச் சிகிச்சை தருவதும் இருக்கிறது. என் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிற திட்டம் என்றுதான் தெரியும்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அமெரிக்க அட்டைக்கு அரைப்பக்கம் ஒதுக்கினீர்கள், சந்தோஷம். அடுத்த ஞாயிறு அதே அரைப்பக்கத்தில், சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் மார்ஃபின் கொடுக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் எவை, வலி தணிப்புப் பிரிவு எந்தெந்த அரசு ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை நடக்கிறது, வீட்டுக்கு நர்ஸ் வர யாரிடம் பதிய வேண்டும் என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். வெட்டி எடுத்து என் கடை கண்ணாடியில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.