ராத்திரிக்கு என்ன?

மதுரை, அண்ணாநகர்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தங்கச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறது என்று படித்த பிறகுதான் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அந்தப் புள்ளை உட்கார்ந்து சாப்பிடட்டும், இத்தனை வருஷம் நின்னது போதும்" என்றாள்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, மகனும் மருமகளும் வேலை முடிந்து வர எட்டு மணி ஆகிறது, ராத்திரிக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை, வாரத்தில் மூன்று நாள் கடையில்தான் வாங்குகிறோம் என்று. அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம். தங்கச்சி சுத்த சைவம். கடைச் சாப்பாட்டின் எண்ணெயும் காரமும் அதன் உடம்புக்கு இப்போது ஆகாது. நீ பக்கத்தில் இருந்தால் நானே சமைத்துக் கொண்டுவந்து கொடுத்திருப்பேன். தாம்பரத்துக்கு எப்படிக் கொண்டு வர?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நான் ரிட்டயர் ஆன வருஷம், ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம். மருமகள் பள்ளியிலிருந்து ஆறரைக்கு வந்தது. தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றது. உள்ளே எல்லாம் இருந்தது. மாவு இருந்தது, கத்தரிக்காய் இருந்தது, பாதித் தேங்காய் இருந்தது. "அத்தை, ராத்திரிக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டது. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிந்து அப்போதுதான் வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தாள். "எதையாவது செய்மா" என்றாள். கண்ணைத் திறக்கவே இல்லை.

இரண்டு பேருமே சமைக்கச் சலித்தவர்கள் இல்லை. யோசிக்கத்தான் தெம்பு இல்லை. முப்பது வருஷமாக என் வீட்டுக்காரி தினமும் இந்தக் கேள்வியோடு நின்றிருக்கிறாள். நான் டிவி முன்னால் உட்கார்ந்து "இன்னைக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறேன். அது என்னை ரொம்ப நேரம் தூங்கவிடவில்லை. மறுநாளிலிருந்து ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். சமைப்பது மட்டுமில்லை, என்ன என்று முடிவு பண்ணுவதும்தான்.

ஆரம்பத்தில் உற்சாகத்தில் தினம் இரண்டு பொரியல், ஒரு குழம்பு, ரசம் என்று இழுத்துப் போட்டுக்கொண்டேன். பத்து நாளில் முதுகு பிடித்துக்கொண்டது. பாதி மிச்சமும் ஆனது. அப்புறம்தான் ஒன்று புரிந்தது. எங்கள் வீட்டில் ஆறு பேர். அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயசு, ஏழு மணிக்கே சாப்பிட்டாக வேண்டும். பேத்தி ஏழரைக்கு. வீட்டுக்காரியின் நேரம் ட்யூட்டியைப் பொறுத்தது. மகன் வர சில நாள் ஒன்பதரை ஆகும். அதனால் சாப்பாட்டை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். சிலது காத்திருக்கும். சிலது காத்திருக்காது. தோசை காத்திருக்காது, கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வர வேண்டும். இட்லி ஒரு மணி நேரம் ஹாட் பாக்ஸில் இருக்கும். பருப்புச் சாதமும் குருமாவும் ஒன்பதரை வரை அலுங்காமல் இருக்கும். ஆளாளுக்கு ஒரு நேரம் வருகிற நாளில் தோசை என்று வைத்துக்கொண்டால், யாரோ ஒருவர் ஏழிலிருந்து பத்து வரை அடுப்படியை விட்டு நகர முடியாது. அது இத்தனை காலம் யாராக இருந்தது என்று உனக்கும் தெரியும்.

அதனால் நீ முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரிடமும் யார் எந்த நாள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டு காலண்டரில் எழுது. சமையல் அதற்குப் பிறகு.

மாவு விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் கணக்கைச் சொல்கிறேன். நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஞாயிறு மத்தியானம் ஊறப் போட்டு சாயங்காலம் அரைத்து வைத்துவிடுவேன். சாதாரண நாளில் விடியும்போது பொங்கியிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் அப்படி விட்டால் புளித்துப் போகும், ராத்திரி படுக்கும்போதே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். திங்கள் இட்லி. நடுவில் ஒரு நாள், எல்லோரும் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து, தோசை. கடைசியில் மாவு கொஞ்சம் புளிப்பேறி நிற்கும். அதுதான் பணியாரத்துக்கு ருசி. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி குழியில் ஊற்றினால் பேத்தி எட்டு சாப்பிடுவாள்.

தொட்டுக்கொள்ள நம்ம ஊர் தண்ணிச் சட்னிதான். அதைச் சென்னையில் யாரும் சரியாகச் செய்வதில்லை என்று நீ புலம்புவாய், அதனால் எழுதுகிறேன். பொட்டுக்கடலை, கொஞ்சமாகத் தேங்காய், பச்சை மிளகாய், இரண்டு சின்ன வெங்காயம், உப்பு. நைசாக அரைத்து, கரண்டியிலிருந்து ஒழுகுகிற பதத்துக்குத் தண்ணீர் விட்டு, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டு. இட்லி அதில் மிதக்க வேண்டும். அஞ்சு நிமிஷ வேலை. தங்கச்சிக்கு மிளகாயைக் குறைத்துப் போடு.

இனி பயறு. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைத்தது. சைவச் சாப்பாட்டில் ராத்திரி பெரும்பாலும் அரிசியும் மாவும்தான் வயிற்றுக்குள் போகிறது. ஆபரேஷன் ஆன உடம்புக்கும் வயசான உடம்புக்கும் புரதம் வேண்டும். காய்ந்த பச்சைப்பயறு 100 கிராமில் சுமார் 23 கிராம் புரதம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு ராத்திரி பயறுக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். காலையில் காபி குடிக்கிற நேரத்தில் ஒன்றரை டம்ளர் பச்சைப்பயறு, ஒரு பிடி அரிசி ஊறப் போட்டுவிடுவேன். அதோடு அன்றைய யோசனை முடிந்தது. சாயங்காலம் இஞ்சி, சீரகம், பச்சை மிளகாய் சேர்த்து அரைத்து உடனே ஊற்றலாம், புளிக்க வேண்டியதில்லை. கொண்டைக்கடலை என்றால் எட்டு மணி நேரம் ஊற வேண்டும். அதனால் அரைக் கிலோவை சனி ராத்திரி ஊறப் போட்டு, ஞாயிறு வேகவைத்து, மூன்று டப்பாவில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். சப்பாத்தி நாளில் ஒரு டப்பாவை எடுத்துக் குருமாவில் போட்டால் போதும்.

மகன் பிந்தி வருகிற நாளில் பருப்புச் சாதம். ஒரு டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் பாசிப்பருப்பு, ஆறு டம்ளர் தண்ணீர், கேரட், பீன்ஸ், மஞ்சள், கொஞ்சம் மிளகு சீரகம். குக்கரில் ஐந்து விசில். அம்மாவுக்குப் பல் இல்லை, அவளுக்கு அதையே இன்னும் கொஞ்சம் குழைத்து நெய் விட்டுக் கொடுப்பேன். தனியாக ஒரு சமையல் கிடையாது. ஒரே பானையிலிருந்து ஆறு பேருக்கும். அரைத்தட்டு அப்பளம் பொரித்தால் பேத்திக்குத் திருவிழா.

முருங்கைக்கீரையை மறந்துவிடாதே. ராத்திரி கீரை ஆகாது என்று அம்மா சொல்வாள், அதனால் கேழ்வரகு அடைக்குள் ஒரு கைப்பிடி மட்டும். ஆய நேரம் இல்லை என்று தங்கச்சி சொன்னதாக ஞாபகம். இதைச் செய்து பார்: கொத்தைக் கழுவாமல் அப்படியே பழைய பேப்பரிலோ பருத்தித் துணியிலோ சுற்றி ராத்திரி வைத்துவிடு. காலையில் பிரித்து ஒரு உதறு உதறினால் இலையெல்லாம் தானாகக் கொட்டிக் காம்பு மட்டும் கையில் நிற்கும். முதல் தடவை பேத்தி பார்த்துவிட்டு, தாத்தா மந்திரம் போட்டார் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். இப்போது சனிக்கிழமை ராத்திரி கீரை சுற்றுவது அவள் வேலை. சின்ன வெங்காயம் உரிப்பது அம்மா வேலை. தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுக் கொடுத்தால் சீரியல் முடிவதற்குள் ஒரு கிண்ணம் உரித்து வைத்துவிடுவாள். "என்னாலயும் ஆகுதுடா" என்று ஒரு நாள் சொன்னாள். அந்தக் கிண்ணத்தை வாங்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது மாப்பிள்ளை.

காய் வாங்க நம்ம உழவர் சந்தைதான். ஞாபகம் இருக்கிறதா, 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தையை இங்கே அண்ணாநகரில் திறந்தபோது நாம் இரண்டு பேரும் சைக்கிளில் போய், தராசு பிடித்திருந்த விவசாயியிடம் வெண்டைக்காயை ஒடித்து ஒடித்துப் பார்த்தோமே? இப்பவும் ஞாயிறு ஆறு மணிக்குப் போய்விடுவேன். என்ன காய் நன்றாக இருக்கிறதோ அதை வைத்துத்தான் வாரத்தை முடிவு பண்ணுவேன். பட்டியல் எழுதிக்கொண்டு போய் வாடின பீன்ஸை வாங்கி வருவதில் அர்த்தமில்லை. இன்றைக்கு பூசணியும் புடலையும் நன்றாக இருந்தது. சிறுமலை வாழைப்பழமும் ஒரு சீப்பு வாங்கினேன், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்கு ஒன்று.

வாரத்தில் ஒரு ராத்திரி ஒன்றும் செய்யாதே. சனிக்கிழமை எங்கள் வீட்டில் மிச்சமிருப்பதும், தயிர் சாதமும், ஊறுகாயும்தான். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஞாயிறு மத்தியானம் கறி எடுப்பதை மகன் விடமாட்டான், அது வேறு கணக்கு.

மருமகள் இப்போது ஆறரைக்கு வந்தால் நேராக முகம் கழுவிக்கொண்டு பேத்தியிடம் உட்கார்கிறது. போன வாரம் அடுப்படி வாசலில் நின்று, "மாமா, ராத்திரிக்கு என்ன?" என்று கேட்டது. "அடை, அவியல்" என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. இதை எழுதும்போதுகூட எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

தங்கச்சி வாக்கரை விட்டதும் இரண்டு பேரும் ஒரு வாரம் இங்கே வந்து இருங்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது வந்தால் கூட்டத்தில் தங்கச்சியால் முடியாது, அதனால் ஆடி பிறந்த பிறகு வாருங்கள். அழகர்கோவில் தோசை மாதிரி தோல் உளுந்தில் மிளகும் சுக்கும் போட்டு கனமாக ஒன்று ஊற்றப் பழகியிருக்கிறேன், அதையும் செய்து தருகிறேன். எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று முன்னாலேயே எழுது. உளுந்து ஊற வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்