இடது காலுக்கு ஒரு வேலை

அன்புள்ள மகளுக்கு,

ஷூபர்ட்டின் 'எர்ல்கோனிக்' பாட்டுக்கு நீ பியானோ வாசிக்கும் ஒத்திகையில், டேப்லெட்டில் இசைத்தாளின் பக்கம் புரட்டும் காற்பெடல் ஒரே மிதியில் இரண்டு பக்கங்களைத் தள்ளிவிட்டதாகவும், இனி அதை விட்டுவிட்டு முக அசைவால் பக்கம் புரட்டும் முறைக்கு மாறலாமா என்று யோசிப்பதாகவும் நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைவாக இருக்கிறது. மாற வேண்டாம் என்பதே என் கருத்து.

ரெக்கார்டிங் தியேட்டரில் நான் வயலின் வாசித்த காலத்தில் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. உட்பக்கம் அமர்ந்தவர் வில்லை எடுத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். மற்றவர் விடாமல் வாசிப்பார். தாளின் சலசலப்பு மைக்கில் விழுந்து டேக் கெட்டுவிட்டால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்பதால், தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஸ்டாண்டுக்கு வெளியே தொங்கும் அளவுக்கு விரித்து வைத்துக்கொள்வோம். உனக்கு அப்படிப் பக்கத்து ஆள் கிடையாது. அதிலும் ஷூபர்ட் 1815இல் எழுதிய இந்தப் பாட்டில் வலது கை ஆக்டேவ்களை (ஒரே சுரத்தின் கீழ், மேல் ஸ்தாயிகளைச் சேர்த்து) மும்மூன்றாகக் கிட்டத்தட்ட இறுதிவரை அடித்துக்கொண்டே இருக்கிறது. இடது கைக்கு அடியிலிருந்து ஏறிவரும் ஓட்டம். வலது கால் பியானோவின் ஒலியை நீட்டிக்கும் சஸ்டெய்ன் பெடலில். மிச்சமிருப்பது இடது கால்தான், அதையும் ஒலியைத் தணிக்கும் சாஃப்ட் பெடல் அவ்வப்போது கேட்கும்.

டேப்லெட்டின் கணக்கில் பக்கம் புரட்டும் அந்தப் பெடல் ஒரு புளூடூத் விசைப்பலகை. நீ மிதித்தால் அம்புக்குறியோ பேஜ் டவுன் விசையோ அழுத்தப்பட்டதாகவே அது எடுத்துக்கொள்கிறது. எழுத்து விசையை விடாமல் அழுத்தினால் அதே எழுத்து வரிசையாக விழுவதைப் போல, காலை எடுக்காமல் வைத்திருந்தால் சில பெடல்களில் பக்கமும் மீண்டும் நகரும். பதற்றத்தில் உன் கால் அங்கேயே தங்கியிருக்கும் என்று சந்தேகிக்கிறேன். ஐபேடின் அமைப்புகளில், வெளி விசைப்பலகைக்கு உரிய பகுதியில், விசை திரும்பத் திரும்ப விழுவதை நிறுத்திவிடலாம். இசைத்தாளைக் காட்டும் ஃபோர்ஸ்கோர் செயலியில் அரைப் பக்கம் புரட்டும் வசதியையும் பயன்படுத்து: முதல் மிதியில் மேல் பாதிக்கு அடுத்த பக்கம் வந்துவிடும், கீழ்ப் பாதியில் பழைய பக்கம் நிற்கும், ஆகவே கால் இரண்டு பார் (தாளக் கட்டம்) முன்பின்னாக விழுந்தாலும் கண்ணுக்கு வேண்டிய வரி அங்கேயே இருக்கும்.

பாஸ்டனின் பொரோமியோ என்ற நால்வர் தந்தி இசைக் குழு மடிக்கணினியும் காற்பெடலுமாக வாசிப்பதை நீ அறிவாய். நால்வரின் வரிகளும் அடங்கிய முழு ஸ்கோரையே பார்த்து வாசிக்க அந்த ஏற்பாடு அவர்களுக்கு வழிவிட்டது. தாளில் அதைச் செய்தால் புரட்டுவதற்கே கை போதாது. ஆனால் அவர்களுக்கு இரண்டு கால்களும் சும்மா இருக்கின்றன என்பதை மறக்காதே.

இனி முகத்துக்கு வருகிறேன். ஃபேஸ் ஐடி உள்ள ஐபேடின் முன்கேமரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை முகத்தில் வீசி உதட்டின், தலையின் அசைவை அறிகிறது. குழலூதுபவருக்கு உதட்டசைவு ஆகாது. உனக்கு உதடு ஓய்வாக இருந்தாலும், கடினமான இடங்களில் நீ அதைக் கடிப்பவள். தலையைத் திருப்புவது அதைவிட ஆபத்து, ஏனெனில் பாடகர் மூச்செடுப்பதைக் கவனிக்க நீ திரும்பித்தான் ஆக வேண்டும். ஐந்தாம் கிரேடு தேர்வுக்கு நீ வீட்டில் பயிற்சி செய்தபோது அம்மா பக்கத்தில் நின்று புரட்டினாளே, நினைவிருக்கிறதா? நொட்டேஷன் தெரியாத அவள் உன் தலையசைப்பையே நம்பியிருந்தாள். நீ தாளத்துக்குத் தலையாட்ட, அவள் பக்கத்தைப் புரட்டிவிட, நீ அழுதாய். கேமராவுக்கும் அவளுக்குத் தெரிந்த அளவுதான் தெரியும்.

கச்சேரிக்கு முன் விமானப் பயன்முறையை இட்டு, புளூடூத்தை மட்டும் மறுபடி இயக்கிக்கொள். பெடலுக்குப் புது பேட்டரி போடு. மேடைக்குக் குதிகால் உயர்ந்த காலணி வாங்கியிருப்பதாக அம்மா சொன்னாள். அதை அணிந்துகொண்டு இடது காலால் முழுப் பாட்டையும் ஒரு முறை மிதித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா